ஒரே ஒரு ஆளுக்கு மட்டும்

பேஸ்பால் ஆட்டத்தில் ஐந்து இன்னிங்ஸ் முடிந்திருந்தது. பாலக்காட்டு டவுன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பதினைந்து பேர் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பதினைந்து பேரும் அதே மட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள். அதில் ஒருத்தி மட்டும் பந்தைத் தொட்டாள். தொட்டாள் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். பந்துதான் போகிற போக்கில் அவள் மட்டையை உரசிவிட்டு கேட்சர் ஜோமோளின் கைக்குள் போனது.

எறிந்தவள் ஜீவிதா. பத்தாம் வகுப்பு. வடகரப்பதியைத் தாண்டித் தமிழ்நாட்டு எல்லையோரம் கடலைக்காட்டில் வீடு. கடலை விதைத்தால் மயில் வரும், வந்து வரிசை வரிசையாகக் கிளறித் தின்னும். மயில் மேல் கல் பட்டால் வனத்துறைக்காரர்கள் வந்து நிற்பார்கள். ஆகவே அந்த வீட்டில் மயிலை அடிக்கக் கூடாது, மயிலுக்கு நாலு விரல் தள்ளி அடிக்க வேண்டும். ஏழு வயதிலிருந்து மண்ணாங்கட்டியை அப்படி நாலு விரல் தள்ளி எறிந்து பழகியவளிடம் பேஸ்பாலைக் கொடுத்தால் என்ன ஆகும்? பதினைந்து பேர் திரும்பிப் போவார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்து இதையெல்லாம் தன் சாதனை மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தவன் கோச் நவீன்குமார். வயது இருபத்தேழு. உண்மையில் அவன் வாலிபால்காரன். இரண்டு வருஷத்துக்கு முன் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெரிய பை வந்தது. பிரித்தால் மட்டை, கையுறை, முகமூடி, ஒரு விதிப் புத்தகம். புத்தகம் இங்கிலீஷில் இருந்ததால் "நீயே வெச்சுக்க" என்று ஜீவிதாவிடம் கொடுத்துவிட்டு, மற்றதை போனில் பார்த்துக் கற்றுக்கொண்டான். கற்றுக்கொண்டான் என்றால், வீடியோவின் முதல் பாதியை.

அவனுடைய வேலை தற்காலிகம். ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளிக்கூடத்தில் இண்டர்வியூ நடக்கும். ஹெட்மிஸ்ட்ரஸ் சரஸ்வதியம்மாளும் பெற்றோர் சங்கமான பி.டி.ஏ.வின் பிரசிடெண்ட் ஈஸ்வரமூர்த்தியும் உட்கார்ந்து ஆளை எடுப்பார்கள். பிரசிடெண்ட் விரல் வைக்கிற இடத்தில் டீச்சர் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான் இண்டர்வியூ. இன்னும் மூன்று மாதத்தில் ஜூன். நவீன்குமாருக்குக் கல்யாணம் பேசி வைத்திருந்தார்கள். வேலை இல்லை என்றால் பெண்ணும் இல்லை என்று பெண் வீட்டில் அழகாக, சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்கள்.

இது ஜில்லா பைனல். ஜெயித்தால் ஸ்டேட். ஸ்டேட்டில் ஆடினால் பிள்ளைகளுக்குப் பரீட்சையில் கிரேஸ் மார்க். ஸ்கோர் ஒன்றுக்குப் பூஜ்யம். இன்னும் இரண்டே இன்னிங்ஸ்.

அப்போதுதான் ஈஸ்வரமூர்த்தி பெஞ்சுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, பின்னால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீடியோ எடுக்கிற ஒரு ஆள்.

"ஏனுங் சார், என்ற புள்ள இன்னும் பெஞ்சுலயே உக்காந்துட்டிருக்குது?"

அவர் மகள் தமிழ்ப்ரியா பெஞ்சின் கோடியில் தண்ணீர் பாட்டிலைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். அவள் பெயர் டீமில் எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. டீமுக்கு ஜெர்சி எப்படி வந்தது என்றும் யாரும் கேட்டதில்லை.

"மேட்ச் டைட்டுங்க. ஒரு ரன்னுதானுங்க லீடு."

"அதெல்லாம் இருக்கட்டுங். கெரவுண்டுல கால் வெக்காத புள்ளைக்கு கிரேஸ் மார்க் கெடையாதாம். கோவிந்தாபுரத்துல என்ற மச்சான் சொல்றான்."

நவீன்குமாருக்கு அந்த விதி தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது. "ஆமாங்க, அப்படித்தானுங்க," என்றான். "ரைட் பீல்டுல நிறுத்தறனுங்க. அங்க பந்தே வராது. பத்திரமா இருக்கும்."

"அந்தக் கோடியிலயா?" ஈஸ்வரமூர்த்தி கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தார். "அங்க நிறுத்துனா வேலிக்கு அக்கட்டால மேயற மாடும் என்ற புள்ளையும் வீடியோவுல ஒண்ணாத்தான் தெரியும். நடுவால ஒரு மேடு இருக்குதல்ல, அதுல நிறுத்துங். எல்லாரும் அங்கதான பாக்கறாங்க."

"அது பந்து எறியற பிட்சர் நிக்கற எடமுங்க..."

"பிட்சரோ கிட்சரோ, அங்க நிறுத்துங்." பிறகு அவன் தோளில் கை வைத்து, மிக அன்பாக: "ஜூன் மாசம் உங்க பேர நாந்தான சொல்லோணும். எனக்கு வேற மறதி ஜாஸ்திங்க."

நன்றாக எறிந்துகொண்டிருக்கிற பிட்சரை எப்போது வெளியே எடுப்பது? பேஸ்பால் ஆடுகிற பெரிய நாடுகளில் இதற்குத் தனியாக ஆள் வைத்து மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கை எத்தனை பந்து தாங்கும், அதே பேட்டர் மூன்றாம் முறை வந்தால் பிட்சரைப் பழகிவிடுவாளா என்றெல்லாம் பார்க்கிறார்கள். கோச் எடுத்தாலும் திட்டு, எடுக்காவிட்டாலும் திட்டு. நவீன்குமாருக்கு இந்தத் தொந்தரவெல்லாம் இல்லை. அவனுக்கு ஒரே ஒரு அளவுகோல்தான், அது வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தோளில் கை வைத்திருந்தது.

ஆனால் அவன் முட்டாளும் இல்லை, அப்படித்தான் அவன் நினைத்தான். வாலிபாலில் ஒருத்தனை வெளியே எடுப்பார்கள், கொஞ்ச நேரம் கழித்து அதே ஆளை உள்ளே விடுவார்கள். கபடியிலும் அப்படித்தான். ஊரில் அவன் ஆடிய அத்தனை ஆட்டத்திலும் வெளியே போனவன் திரும்பி வருவான். ஒன்பது பேர் சுற்றிச் சுற்றி மட்டை பிடிக்கிற வரிசையில், இரண்டாம் சுற்றில் அடுத்து வரப்போவது அவர்கள் டீமின் ஏழாவது பேட்டர், கையில் இருக்கிற மட்டையைவிடக் கொஞ்சம்தான் உயரம். அவளுக்கு மட்டும் ப்ரியா எறியட்டும். வீடியோ ஆச்சு, கால் வைத்தது ஆச்சு. பிறகு ஜீவிதா வந்து மிச்சத்தை முடிப்பாள். பிரசிடெண்டும் சந்தோஷம், கப்பும் கையில், ஜூனும் கையில். தன் மூளையை நினைத்து அவனுக்கே சிரிப்பு வந்தது.

"ஜீவிதா, நீ வந்து உக்காரு. ப்ரியா, நீ போ."

தமிழ்ப்ரியா எழுந்திருக்கவில்லை. "சார், நான் போகலீங் சார். அவ்வளவு தூரம் எனக்கு எறியவே வராதுங்."

"கண்ணு, தலைமுடிய ஒதுக்கிட்டுப் போ," என்றார் அப்பா. "கேமராக்காரரே, பாத்துக்குங்."

ஜீவிதா மேட்டை விட்டு இறங்கவில்லை. பந்தைக் கையுறைக்குள் உருட்டிக்கொண்டே சொன்னாள்: "சார், என்னைய வெளிய எடுக்காதீங். ரைட் பீல்டுக்கு அனுப்புங். அங்க நிக்கற புள்ளைய எடுத்துட்டு ப்ரியாவ இங்க உடுங். அப்பத்தான் நான் மறுக்கா வந்து எறிய முடியும்."

"ரூலு நீ எழுதுனியா?"

"படிச்சனுங் சார். புஸ்தகத்துல இருக்குதுங்."

"ஒரே ஒரு ஆளுக்கு மட்டும்தான். போயி தண்ணி குடிச்சுட்டு வா. அதுக்குள்ள உன்ன கூப்புட்ருவேன்."

"சார், அப்பறம் கூப்புட முடியாதுங்."

"ஏய், கம்முனு வா."

அவள் வந்தாள். அம்பயர் ஜிஜோ, பாலக்காட்டுக்காரர், தாளில் எழுதிக்கொண்டே, "மாஷே, ஜீவிதா வெளிய, தமிழ்ப்ரியா உள்ள. உறப்பாணோ, நிச்சயந்தானா?" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார். நவீன்குமார் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். அவ்வளவு உறுதியாக அவன் வாழ்க்கையில் வேறெதையும் சொன்னதில்லை.

தமிழ்ப்ரியாவின் முதல் பந்து பாதி தூரத்தில் மண்ணில் விழுந்து அங்கேயே படுத்துக்கொண்டது. இரண்டாவது பந்து பேட்டரின் முதுகுக்குப் பின்னால் போனது. மூன்றாவது பந்து கேமரா ஸ்டாண்டை நோக்கி வந்தது, கல்யாண வீடியோக்காரர் கல்யாணத்தில் பார்த்தே இராத வேகத்தில் விலகினார். நாலாவது உயரமாக, அழகாக, ஜோமோளின் தலைக்கு மேல் ஒரு முழம் தாண்டிப் போனது. நாலு பந்தும் தப்பு; நாலும் தப்பினால் முதல் பேஸ் சும்மா கிடைக்கும். ஏழாவது பேட்டர் மட்டையைக் கீழே போட்டுவிட்டு நடந்தே முதல் பேஸுக்குப் போனாள்.

"சூப்பர் கண்ணு!" என்று ஈஸ்வரமூர்த்தி கை தட்டினார்.

நவீன்குமாரும் தட்டினான். தட்டிக்கொண்டே மைதானத்துக்குள் போனான். "செரி, மாத்தறேன். ஜீவிதா உள்ள."

ஜிஜோ தாளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "மாஷே, வெளிய போன ஆளு பின்ன வராம்பாடில்லா, வரக் கூடாது."

"இல்லீங்க, இப்பத்தான போச்சு. தண்ணிகூட இன்னும் குடிக்கல."

"தண்ணி குடிச்சாலும் குடிக்கலேலும் வராம்பாடில்லா. இது வாலிபால் அல்லா மாஷே."

நவீன்குமார் திரும்பி பெஞ்சைப் பார்த்தான். ஜீவிதா பார்க்கவில்லை. ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

வேறு யாரை எறிய விடுவது? இரண்டு வருஷமாக ஜீவிதா ஒருத்தியை வைத்தே ஓட்டியவன், இன்னொருத்தி கையில் பந்தைக் கொடுத்துப் பார்த்ததே இல்லை. தேவையே வரவில்லையே. சரி, ப்ரியாவே எறியட்டும், இன்னும் ரெண்டு மூணு பந்தில் பழகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வெளியே வந்தான்.

பழகவில்லை. எட்டாவது பேட்டரும் நடந்து போனாள். ஒன்பதாவதும் நடந்து போனாள். மூன்று பேஸிலும் ஆள் நின்றது. அடுத்தவளும் நடக்க, மூன்றாவது பேஸில் நின்றவள் சும்மா நடந்து, 'வீடு' என்று சொல்கிற மட்டை பிடிக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தாள். அதற்குப் பெயர் ரன். ஒன்றுக்கு ஒன்று. பதினைந்து பேரும் ஓட முடியாத மைதானத்தில் இப்போது ஊர்வலம் மாதிரி ஒவ்வொருத்தியாக நடந்துகொண்டிருந்தார்கள்.

"சார், கூப்புடுங் சார் என்னைய," என்று ப்ரியா மேட்டிலிருந்து அழுதாள்.

ஜோமோள் முகமூடியைத் தூக்கிவிட்டுக் கத்தினாள்: "சாரே, அவ அழுவுறா! கண்ணீரோட எறிஞ்சா பந்து எங்கிட்டு வரும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அழுதுகொண்டே எறிந்த அடுத்த பந்து, அன்றைக்கு ப்ரியா எறிந்ததிலேயே நேரான பந்து. மெதுவாக, நடுவாக, தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. அடி விழுந்தது. பந்து வேலியோரம் மேய்ந்த மாடு வரைக்கும் போனது. இரண்டு பேர் ஓடி வந்தார்கள். மூன்றுக்கு ஒன்று. பிறகு மூன்றாவது பேஸைக் காத்து நின்ற தங்கள் பிள்ளை கையில் பந்தைத் திணித்து எப்படியோ ஆட்டத்தை முடித்தார்கள். அதற்கப்புறம் ஸ்கோர் மாறவே இல்லை.

கப்பை டவுன் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு போன பிறகு ஈஸ்வரமூர்த்தி வந்தார்.

"ஏனுங் சார், அறிவிருக்குதா உங்களுக்கு? நல்லா எறிஞ்சிட்டிருந்த புள்ளைய ஆரு எடுக்கச் சொன்னது?"

நவீன்குமார் வாயைத் திறந்தான்.

"நான் என்ற புள்ளைய நிறுத்துங்கன்னுதான் சொன்னேன். அந்தப் புள்ளைய எடுங்கன்னு சொன்னனா? சொன்னனா?"

சொல்லவில்லைதான்.

பக்கத்தில் தாளைச் சுருட்டிக்கொண்டிருந்த ஜிஜோ, விஷயத்தைக் கேட்டுவிட்டு சிரித்தார். "கிரேஸ் மார்க்குக்கு கிரவுண்டில இறங்கணுமா? ஆரு சொன்னது? லிஸ்டில பேரு உண்டெங்கில் மதி, அது போதும். பக்ஷே டீமு ஜெயிச்சு ஸ்டேட்டுக்குப் போகணும்."

கோவிந்தாபுரத்து மச்சானை அன்று போனில் பிடிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை பி.டி.ஏ. கூட்டம். நவீன்குமார் வீட்டிலிருந்து கிளம்பும்போதே உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தான். பள்ளிக்கூட கேட் வரைக்கும் அந்த முடிவு தாங்கியது.

முப்பது பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயிக்க வேண்டிய ஆட்டம் எப்படிப் போனது என்று ஒருவர் கேட்டார். ஈஸ்வரமூர்த்தி எழுந்தார். இரண்டு நாளில் அவர் தெளிந்திருந்தார்.

"அதாவதுங்க, அந்தப் புள்ள ஜீவிதாவுக்குக் கை ஓஞ்சு போச்சு. பச்சப் புள்ள, எத்தன பந்துதான் எறியும்? கை கெட்டுப் போயிரும்னு சார் பொறுப்பா வெளிய எடுத்தாரு. ஆட்டத்த விட புள்ள முக்கியமில்லீங்களா? அப்படித்தானுங்க சார்?"

எல்லோரும் நவீன்குமாரைப் பார்த்தார்கள். சரஸ்வதியம்மாள் டீச்சர் பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே யாரோ பந்தைச் சுவரில் அடிக்கிற சத்தம் கேட்டது.

"ஆமாங்க," என்றான். வந்தது வந்துவிட்டது, அரைகுறையாகச் சொல்வானேன் என்று மேலும் சேர்த்தான்: "நூறு பந்துக்கு மேல போயிருச்சுங்க. பாரின்ல எல்லாம் அப்பவே எடுத்துருவாங்க. சயின்ஸ்."

நூறாம். நூற்றில் பாதிதான் அவள் எறிந்திருந்தாள். முப்பது பேர் தலையாட்டினார்கள். சயின்ஸ் என்றதும் தலை தானாக ஆடும். குழந்தைகளின் நலனில் அக்கறையுள்ள இப்படிப்பட்ட ஒரு ஆசிரியர் பள்ளிக்கூடத்துக்குத் தேவை என்று ஈஸ்வரமூர்த்தி முன்மொழிந்தார். ஜூன் வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. பைனலில் ஆடிய அனுபவம் இருப்பதால் அடுத்த வருஷம் தமிழ்ப்ரியாவே பிட்சர் என்றும் அதே தீர்மானத்தில் எழுதிக்கொண்டார்கள்.

கூட்டம் முடிந்து மைதானத்துக்கு வந்தால் ஜீவிதா நின்றாள். விஷயம் அதற்கு முன்னாலேயே அவளுக்கு வந்து சேர்ந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்றவள் ஜோமோள்தான்.

"என்ற கை ஓஞ்சு போச்சுன்னு சொன்னீங்களாமா சார்."

"அது... கூட்டத்துல அப்படித்தான் சொல்லோணும் கண்ணு. உனக்குப் புரியாது."

"வேல நெலச்சுதுங்களா?"

"ம்?"

"உங்க வேலைங் சார். அடுத்த வருஷமும் இருக்குதுங்களா?"

"இருக்குது," என்றான். அவள் உண்மையிலேயே சந்தோஷப்பட்டுக் கேட்கிறாளோ என்று ஒரு நொடி தோன்றியது. "நீ பிளஸ் ஒன்னுக்கு இங்கயே வா. பாத்துக்கலாம். ரைட் பீல்டுல..."

அவள் கையிலிருந்த கையுறையையும் விதிப் புத்தகத்தையும் அவனிடம் நீட்டினாள். "பெருமாட்டிப் பக்கத்துல ஒரு ஸ்கூல்ல டீம் இருக்குதாமுங்க. ஜிஜோ சார் பேசியிருக்காரு. நானும் ஜோமோளும் அங்க சேர்றோம்."

"ஜோமோளுமா?" குரல் அவனுக்கே கீச்சென்று கேட்டது. "அப்ப என்ற டீமுக்கு ஆருடி எறிவா, ஆரு புடிப்பா?"

"தமிழ்ப்ரியா எறியுமுங்," என்றாள் ஜீவிதா. "நீங்க புடிங்க சார்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். நவீன்குமார் கையுறையைப் போட்டுப் பார்த்தான். அவன் கை அதற்குள் நுழையவில்லை.