மாஞ்சோலைக்குப் போன மறுநாள்

கல்யாணமாகி ஏழு வருஷத்தில் ஹென்றி வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் பதினாலு மாசம் தேறும். மீதிக் காலமெல்லாம் கப்பல். பம்பாய்க் கம்பெனி ஒன்றில் ஸ்டூவர்டாக இருந்தான். ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி, பம்பாய் போய்த்தான் கப்பல் பிடிப்பான். அதனால் அவன் பெண்டாட்டி விக்டோரியாவுக்கு வழியனுப்புவது என்றால் தூத்துக்குடி ஸ்டேஷன் பிளாட்பாரம்தான். அவன் ஏறிப் போன கப்பல் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை.

எழுபத்தாறாம் வருஷம் ஜனவரியில்தான் அது மாறியது. கல்கத்தாவில் சணல் ஏற்றிக்கொண்டு தென் அமெரிக்கா போகும் கப்பல் ஒன்று தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்துக்கே வந்து நின்றது. சரக்குக் கப்பல்தான், ஆனாலும் பன்னிரண்டு பேர் பயணம் செய்ய அறைகள் இருந்தன. ஊர் பார்க்கப் போகிற வயதான வெள்ளைக்காரர்கள் அதில் வந்தார்கள். அவர்கள் மேசைக்குப் பரிமாறும் இரண்டாவது ஸ்டூவர்ட் வேலை ஹென்றிக்கு. டர்பன், கேப்டவுன், சாந்தோஸ், கடைசியில் புவனஸ் அயர்ஸ். போய்த் திரும்ப எட்டு மாசம் ஆகும் என்றான். ஊரிலிருந்து எட்டு பேர் ஏறுவதாக இருந்தது. சரக்கு ஏற்றுவது தாமதமாகி, ஏறும் நாளை ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். கையில் தானாக விழுந்த அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டுதான் ஹென்றி, "மலைக்குப் போயிட்டு வருவமா?" என்று கேட்டான்.

விக்டோரியா கல்யாணமான புதிதில் குற்றாலம் கேட்டவள். ஒவ்வொரு லீவிலும் அடுத்த தடவை என்று சொல்லியே போய்விட்டது. இப்போது அவனாகவே கேட்கிறான், அதுவும் மாஞ்சோலை. தேயிலைத் தோட்டம், குளிர், மேகம் தரையில் நடக்குமாம். அவள் சிங்கப்பூர்ப் பச்சைச் சேலையை எடுத்து வெளியே வைத்தாள். சீலா மீனை வறுத்து, எலுமிச்சம்பழச் சோறு கிண்டிக் கட்டினாள். ஐந்து வயது மகள் பேபியைத் தன் அக்கா பிலோமியிடம் கொண்டுபோய் விட்டாள்.

பிலோமியின் கதை அந்தத் தெருவுக்கே தெரியும். அவள் புருஷனும் கப்பல்காரன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ராட்டர்டாமில் கரையிறங்கியவன் கப்பலுக்குத் திரும்பவில்லை. முதல் வருஷம் நாலு கடுதாசி வந்தது. இரண்டாம் வருஷம் ஒன்று வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. பிலோமி தாலி அறுத்தவளும் இல்லை, வாழ்கிறவளும் இல்லை. கோயிலில் எந்த வரிசையில் உட்காருவது என்றுகூட அவளுக்குக் குழப்பம். இன்றைக்கும் தபால்காரர் தெருமுனை திரும்பினால் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வருவாள்.

விடியுமுன் வாடகைக் கார் வந்தது. முன் சீட்டில் இஞ்ஞாசி உட்கார்ந்திருந்தான். ஹென்றியோடு சின்ன வயதிலிருந்து ஒன்றாக இருப்பவன். அதே கப்பலில் மூன்றாவது ஸ்டூவர்டாக ஏறப் போகிறவன். இரண்டு தங்கச்சிகளைக் கரையேற்ற வேண்டும் என்று தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். எப்போதும் வாய் ஓயாதவன் அன்றைக்குத் திருநெல்வேலி தாண்டி, அம்பாசமுத்திரம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. தூக்கக் கலக்கம் என்று விக்டோரியா நினைத்துக்கொண்டாள்.

மணிமுத்தாறு அணைக்கு மேலே செக்போஸ்டில் ஹென்றி ஒரு சீட்டைக் காட்டினான். எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காக இருக்கும் ஊர்க்காரன் சத்தியராஜ் அனுப்பிய அனுமதிச் சீட்டு. கார் வளைந்து வளைந்து ஏறியது. விக்டோரியாவுக்குக் காது அடைத்தது. எச்சில் விழுங்கு என்று ஹென்றி சொல்லிக்கொடுத்தான். ஒரு வளைவில் மேகம் நிஜமாகவே ரோட்டைக் கடந்து போயிற்று. அவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, ஈரமான விரல்களைப் பார்த்துச் சிரித்தாள். குளிரில் அவள் தோள் நடுங்குவதைக் கண்டு அவன் தன் கப்பல் ஸ்வெட்டரைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டான். ஏழு வருஷத்தில் அப்படி ஒரு காலையை அவள் கண்டதில்லை.

சத்தியராஜின் குவார்ட்டர்ஸ் தகரக்கூரை போட்ட சின்ன வீடு. காரை விட்டு இறங்கியதும் இஞ்ஞாசி உள்ளே வரமாட்டேன் என்றான். ஹென்றி இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தான். "நீ போலே. இதுல நான் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, டிரைவரோடு காருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டான்.

ஆண்கள் இரண்டு பேரும் தேயிலைச் சரிவில் பேசிக்கொண்டே நடந்து போனார்கள். சத்தியராஜின் மனைவி ஞானதீபம் விக்டோரியாவை அடுப்புப் பக்கத்தில் உட்காரவைத்துத் தேயிலைத் தண்ணீர் கொடுத்தாள். நல்ல மனுஷி. ஊர்க்காரியைக் கண்டு நாளாகிவிட்டதால் பேச்சு பொங்கியது. பேச்சோடு பேச்சாக, தன் கொழுந்தன் தனராஜ் புவனஸ் அயர்ஸில் இப்போது சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பதைச் சொன்னாள். அவனும் மூன்று வருஷத்துக்கு முன்னால் கப்பலை விட்டு இறங்கியவன்தானாம். "உங்க வீட்டுக்காரரும் அங்கனயே எறங்குதாருன்னு சொன்னாவ. தனராஜு எல்லாம் பாத்துக்கிடுவான், நீங்க கவலைப்படாதீங்க" என்றாள்.

விக்டோரியா டம்ளரைக் கீழே வைத்தாள். தனக்கு எல்லாம் தெரியும் என்கிற மாதிரி தலையை ஆட்டினாள். அது எப்படி முடிந்தது என்று பின்னால் அவளுக்கே விளங்கவில்லை. ஞானதீபம் பேசிக்கொண்டே இருந்தாள். விக்டோரியா எழுந்து, ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஹென்றி சரிவிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தான். சட்டைப் பையில் தனராஜின் விலாசம் எழுதிய ஒரு நீலக் கவர் துருத்திக்கொண்டிருந்தது. அவள் நேராகவே கேட்டாள். அவன் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குப் பட்டது. தட்டு தூக்கித் தூக்கிக் கை காய்த்துப்போயிற்று என்றான். அறுபது வயது வரைக்கும் வெள்ளைக்காரன் மேசைக்குப் பின்னால் நிற்க முடியாது என்றான். இரண்டே வருஷம், அப்புறம் அவளையும் பேபியையும் கூப்பிட்டுக்கொள்வான். அன்றைக்கு ராத்திரி சொல்லலாம் என்றிருந்தானாம்.

"பிலோமி அக்காகிட்ட அத்தானும் இதத்தான சொல்லிட்டுப் போனாவ."

"நான் அவரு இல்ல, விக்டோரியா."

"அவரும் போவும்போது அவரு இல்ல."

அவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. யாரிடமும் சொல்லிவிடாதே, கம்பெனிக்குத் தெரிந்தால் ஜென்மத்துக்கும் கப்பலேற முடியாது என்றான். அவள் சரி என்றாள். கட்டிக்கொண்டு போன சோற்றை ஒரு பாறை மேல் உட்கார்ந்து தின்றார்கள். இஞ்ஞாசிக்கு ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினாள். மலையிறங்கும்போது குளிரவில்லையா என்று ஹென்றி கேட்டதற்கு, இல்லை என்றாள்.

அன்று ராத்திரி அவன் அசந்து தூங்கினான். அவள் தூங்கவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்குத் துறைமுகத்தில் ஷெட்டுக்கு வெளியே கூட்டம். வெயில் சிமெண்டுத் தரையிலிருந்து எகிறியது. கப்பலேறுகிறவர்கள் பெட்டியோடு முதலில் மேலே போனார்கள். குடும்பத்துக்காரர்கள் கீழே மேசையில், மாசச் சம்பளம் வீட்டுக்கு வருவதற்கான தாளில் கையெழுத்துப் போட வேண்டும். சாத்தான்குளத்துக்காரரான ஏஜென்டு ஆபீஸ் கிளார்க் ஜெயசிங் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பெண்களிடம் தணிந்து பேசுகிறவர்.

விக்டோரியா கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு நகரவில்லை. ஜெயசிங் நிமிர்ந்து பார்த்தார்.

அவள் சொல்லிவிட்டாள். முழுதாகச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. ஆரம்பித்ததும் நீலக் கவர், தனராஜ் எல்லாம் வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்துவிட்டது.

"கூப்பிட்டு ஒரு அதட்டு அதட்டுங்க சார், போதும். கீழ எறக்கிர வேண்டாம். பயந்துருவாவ."

ஜெயசிங் பேனாவை மூடினார். அவர் முகமே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "காதுல விழுந்த பொறவு அதட்டோட விட முடியாதும்மா. நாளைக்கு அவரு அங்கன எறங்கிட்டாருன்னா என் வேலை போயிரும். எங்கிட்ட ஏம்மா சொன்னீங்க?" என்றார்.

மறந்துவிடுங்கள், நான் சொல்லவே இல்லை என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். என் பேரை மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்றாள். அதற்கு மட்டும் அவர் தலையசைத்துவிட்டு, கப்பல் ஏணியைப் பார்த்து நடந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து ஹென்றி பெட்டியோடு இறங்கி வந்தான். கூட இரண்டு ஆபீசர்கள். பெட்டியைக் குடைந்து கவரை எடுத்திருந்தார்கள். கப்பலேற அனுமதி தரும், கப்பல்காரனுக்கு உயிரான பதிவுப் புத்தகத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். ஆளில்லாமல் கப்பல் போக முடியாது என்பதால் அங்கேயே இஞ்ஞாசியை இரண்டாவது ஸ்டூவர்டாக்கினார்கள். இஞ்ஞாசி மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஹென்றியை ஏதோ சொல்லிக் கூப்பிட்டான். ஹென்றி திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலத்துக்குள் ஊர் முடிவு கட்டிவிட்டது. விஷயம் தெரிந்தவன் இஞ்ஞாசி ஒருத்தன். பதவி கிடைத்தவனும் அவனே. வேறு யார் சொல்லியிருப்பார்கள்? வந்து விசாரித்தவர்களிடம் ஹென்றி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "கூடவே இருந்தவன்தான்" என்றான். விக்டோரியா அடுப்படியில் நின்றபடியே அதைக் கேட்டாள். வெளியே வரவில்லை.

ஹென்றிக்கு அப்புறம் எந்தக் கம்பெனியும் வேலை கொடுக்கவில்லை. ஆறு மாசம் சும்மா இருந்துவிட்டு, துறைமுகத்திலேயே சரக்கு எண்ணும் வேலையில் சேர்ந்தான். மற்றவர்கள் ஏறிப்போகும் கப்பல்களில் எத்தனை மூட்டை ஏறியது என்று நாள் முழுக்க நின்று குறித்துக்கொண்டிருந்தான். காலையில் போவான், சாயங்காலம் வருவான். குடிக்கவில்லை, அடிக்கவில்லை. பேபியைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போவான். விக்டோரியாவிடம் மட்டும் உப்பு குறைச்சல், சட்டை துவைக்கணும் என்கிற அளவுக்குத்தான் பேச்சு. தெருப் பெண்கள் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். தினமும் புருஷன் வீட்டுக்கு வருகிறானே. பிலோமிகூட ஒரு நாள், "ஒனக்கு அந்தோனியார் கண்ணத் தொறந்துட்டாருளா" என்றாள்.

இஞ்ஞாசி திரும்பி வந்தபோது ஹென்றியைத் தேடி இரண்டு தடவை வீட்டுக்கு வந்தான். ஹென்றி உள்ளேயே இருந்துகொண்டான். மூன்றாம் தடவை இஞ்ஞாசி விக்டோரியாவிடம், "தங்கச்சி, நான் சொல்லல. நீயாவது அவன்கிட்ட எடுத்துச் சொல்லு" என்றான். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். அதற்குப் பிறகு அவன் வரவில்லை.

மூன்று வருஷம் கழித்து இஞ்ஞாசியின் மூத்த தங்கச்சிக்கு மணப்பாட்டில் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. பூ வைக்கும் நாள் வரைக்கும் குறித்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டில் எல்லோரும் கப்பல்காரர்கள். கூட்டாளியைக் காட்டிக்கொடுத்தவன் வீட்டில் பெண் எடுக்கமாட்டோம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

அதைக் கேள்விப்பட்ட அன்று சாயங்காலம் ஹென்றி சாப்பிட உட்கார்ந்ததும் விக்டோரியா எதிரில் உட்கார்ந்தாள். குழம்பை ஊற்றினாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஜெயசிங் சார்கிட்ட சொன்னது நான்தான்."

ஹென்றி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "தெரியும்" என்றான்.

எப்படி என்று அவள் கேட்டாள்.

"நீ அந்த மேசை முன்னால அழுதுக்கிட்டு நின்னத மேலேருந்து பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

"பொறவு ஏன் இஞ்ஞாசி அண்ணன..."

அவன் தலை நிமிரவில்லை. "நீதான்னு சொல்லிட்டா நான் இந்த வீட்டுல எப்படிச் சோறு திங்கது? பேபிய எங்க கொண்டு விடுதது? அவன்னு சொன்னா அவன மட்டுந்தான விடணும்" என்றான். ஒரு வாய் தின்றான். "போயி வேணும்னா சொல்லு. நான் தடுக்கல."

மூன்று வருஷமாக அவள் பயந்து பயந்து நடந்திருந்தாள். தூக்கத்தில் உளறிவிடுவோமோ, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது வெளியே வந்துவிடுமோ என்று பயந்தாள். அவன் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். அவள் சேலையைச் சரிபண்ணிக்கொண்டு எழுந்து வெளியே நடந்தாள்.

இஞ்ஞாசியின் அம்மா சவேரியம்மாள் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். இஞ்ஞாசி கடலில் எங்கோ இருந்தான். விக்டோரியாவைக் கண்டதும் கிழவி பதறி எழுந்தாள். "வாளா, உள்ள வா. எம் மவன் ஒனக்குச் செஞ்சதுக்கு எனக்கு ஒம் மொகத்துல முழிக்கவே கூசுது" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தாள். காப்பி போட அடுப்பை மூட்டினாள். சம்பந்தம் முறிந்துபோன தங்கச்சி உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள்.

விக்டோரியா சொன்னாள். இந்தத் தடவை அழாமல் சொன்னாள்.

சவேரியம்மாள் அடுப்புக்கு முன்னால் குத்தவைத்தபடியே எல்லாவற்றையும் கேட்டாள். வையவில்லை. தனக்குத்தானே பேசுகிற மாதிரி, "அவன் வரும்போதெல்லாம் சொல்லுவான், நான் இல்லம்மா, நான் இல்லம்மான்னு. நாந்தான் நம்பல. பெத்த நானே நம்பல" என்றாள்.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் சட்டியை இறக்கவில்லை. விக்டோரியா இறக்குவதற்காகக் குனிந்தபோது, "வேண்டாம், நீ போ" என்றாள்.