நாலு விரல் இடம்

செல்வநாயகி இன்றைக்குப் பின்னேர பஸ்ஸில் வருகிறாள். தகப்பனாரோடு வருகிறாள் என்பதுதான் அவள் புருசன் பரமலிங்கத்துக்குப் பயம். "பிடிச்சால் நிப்பன், இல்லாட்டி அப்பாவோடை திரும்பிடுவன்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். இந்த முறை திரும்பினால் திரும்பினதுதான். யாழ்ப்பாணத்தில் வாயுள்ளவனெல்லாம் பேசுவான். பேச்சை விடுங்கள், அவள் இல்லாத வீட்டில் மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை.

நமுனுகுல மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அவன் பெரிய கிளாக்கர். வெள்ளைக்காரத் துரைக்கே கணக்கில் பிழை பிடித்துக் காட்டுகிறவன். என்ன பிரயோசனம், மனுசியை வைத்திருக்கத் தெரியவில்லையே! கல்யாணம் முடித்துக் கூட்டி வந்தவளைப் பனி பிடிக்கும் என்று ஜன்னல் திறக்க விடவில்லை. அட்டை கடிக்கும் என்று தேயிலைப் பக்கம் போக விடவில்லை. பதுளைக்குப் போகவேண்டும் என்றாளானால், "என்ன வேணும் சொல்லும், நான் வாங்கியாறன்" என்பான். வாங்கி வாங்கி வீட்டை நிரப்பினான். இரண்டாம் மாதமே அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டாள். என்ன குறை என்று கேட்டதற்கு, "ஒரு குறையுமில்லை" என்றாள். அந்தப் பதில் அவனுக்கு இன்னும் விளங்கவில்லை.

சின்ன வயதில் மீன் வளர்க்க ஆசைப்பட்டதாக அவள் எப்போதோ சொல்லியிருந்தாள். அது போதாதா? பதுளைக் கடைவீதியில் குருவிக்கூடு விற்கும் இப்றாஹீம் நானாவிடம் சொல்லிக் கொழும்பிலிருந்து ஒரு சண்டை மீனை வாய் அகன்ற போத்தலில் வரவழைத்தான். நீல உடம்பு, சிவப்புச் செட்டை, சேலைத் தலைப்பு மாதிரி வால்.

"ஐயா, ஒண்ண மறந்துராதீங்க," என்றார் நானா. "தொட்டிய முட்ட முட்ட நெரப்பப்படாது. இது மேல வந்து காத்துக் குடிக்கிற மீன். பாயும், அதனால மூடி வையுங்க. ஆனா மூடிக்குக் கீழ நாலு விரல் எடம் வேணும்."

பரமலிங்கம் சொன்னபடியே செய்தான். ஓடை மணலைக் கழுவினான், மணலே தேய்ந்துபோகும் அளவுக்குக் கழுவினான். மலைப் பீலியில் வழியும் தண்ணீரின் குளிரை அடுப்படியில் வைத்து முறித்து, கண்ணாடித் தொட்டியில் நாலு விரல் குறைய ஊற்றினான். இரண்டு கொத்துப் பாசி நட்டான். மீனுக்குக் குளிருமே என்று தொட்டிக்குப் பக்கத்தில் அரிக்கன் லாம்பை ஏற்றி வைத்தான்.

தண்ணீர் கொண்டுவந்த வேலைக்காரி இராக்கம்மா மூக்கில் விரலை வைத்தாள். "ஏங்க ஐயா, கொழம்பு வைக்கிற சாதிக்கா இம்புட்டு ராஜ உபசாரம்?"

"உன்ரை வேலையைப் பார்!"

"பாத்துக்கிட்டுத்தாங்க இருக்கேன். அம்மா வர்றதுக்குள்ள ஐயாவுக்குக் காய்ச்ச வந்துரும் போல இருக்கே!"

அவள் சொன்னதில் பிழையில்லை. காலையிலிருந்து அவன் ஓரிடத்தில் இருக்கவில்லை. வாசலில் நிறைகுடம் வைத்தான். தேங்காயைத் திருப்பினான், மாவிலையை மாற்றினான். உள்ளே ஓடி மீனைப் பார்த்தான், வெளியே ஓடி வீதியைப் பார்த்தான். கீழ் வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் கண்ணில் பட்டது: வாசலுக்கு நேரே மேசையில் தொட்டி குறையாக நிற்கிறது! வீட்டுக்கு வருகிறவளின் கண்ணில் முதலில் குறைகுடமா படவேண்டும்? மாமனாரோ பூனை குறுக்கே போனாலே பயணத்தை நிறுத்துகிறவர். செம்பை எடுத்தான், விளிம்புவரை ஊற்றினான், கண்ணாடிப் பலகையால் மூடி அதன்மேல் பூத்தட்டையும் வைத்தான். நானாவாவது பேச்சாவது! பதற்றத்தில் எல்லாம் பறந்துவிட்டது.

செல்வநாயகி படியேறி வந்தாள், பின்னால் மாமனார். நிறைகுடத்தை அவள் பார்க்கவேயில்லை, தொட்டியைத்தான் பார்த்தாள். மலர்ந்த முகம் உடனே சுருங்கியது. மீன் மேலே போய் மூடியில் வாயை முட்டியது, சரிந்து கீழே வந்தது, மறுபடி போய் முட்டியது.

"ஐயோ, இது மூச்சுக்கெல்லோ தவிக்குது!"

தட்டையும் பலகையையும் இழுத்துப் போட்டாள். இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி நிலத்தில் ஊற்றினாள். மாமனார் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார். மீன் மேலே வந்து ஒரு வாய் காற்றுக் குடித்தது, பிறகு இன்னொரு வாய்.

"பாத்துப் பாத்துத்தானே செய்தனான்." பரமலிங்கம் தொட்டியைக் காட்டினான். "நல்லதுக்குத்தானே நிறைச்சனான்."

"தெரியும்." அவள் குரலில் கோபமில்லை. அதுதான் அவனை இன்னும் சுட்டது. "என்னையும் நல்லதுக்குத்தான் உப்பிடி வைச்சிருந்தியள். மூச்சு விட மட்டும் இடம் விடேல்லை."

மாமனார் இருமினார். பரமலிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"நாளைக்கு அப்பா போற பஸ்ஸிலை நானும் பதுளைக்குப் போவன். அவரை ரயிலேத்திப்போட்டுத் தனியத் திரும்பி வருவன். நீங்கள் பின்னாலை வரக்கூடாது."

'வராமல் விட்டால்?' என்று நாக்கு நுனிவரை வந்ததை அவன் விழுங்கினான். "சரி" என்றான்.

மறுநாள் ஞாயிறு. பஸ் புறப்பட்டபோது ஓடிப்போய் ஏறு, ஏறு என்று கால் துடித்தது. அவன் ஏறவில்லை. மழையில் நனைந்து, மறுபடி காய்ந்து நின்றான். பின்னேர பஸ்ஸில் அவள் இறங்கினாள். கையில் பதுளைச் சந்தையில் வாங்கிய ஒரு கட்டு வெலிமடை லீக்ஸ், முகமெல்லாம் காற்றடித்த சிவப்பு.

"எவ்வளவு நேரமா நிக்கிறியள்?"

"இப்பத்தான் வந்தனான்."

பச்சைப் பொய். காலையில் பஸ் புறப்பட்ட இடத்தைவிட்டு மனுசன் அசையவேயில்லை.