எந்தப் பக்கத்து வலம்

குழாய் வேலை செய்யும் கலியமூர்த்தி மூன்றாவது முறையாக பாய்லரின் பித்தளைக் குழாயைக் கழற்றியபோது, மலர்க்கொடி கரிக்கூடையோடு குளியலறை வாசலில் நின்றிருந்தாள்.

அவளோடு சிதம்பரத்திலிருந்து கடலூருக்குச் சீராக வந்த தாமிர பாய்லர் அது. கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகிறது. குழாய் பொருந்தும் இடத்தில் ஒரு வாரமாக ஒழுக்கு. முதல் நாள் மாமியார் ஞானாம்பாள் சோப்பை அப்பி அடைத்துப் பார்த்தாள். பிறகு கலியமூர்த்தி இரண்டு தடவை பூட்டிவிட்டுப் போனார். பச்சைத் தண்ணீருக்கு அடங்கியிருந்தது. சூடு ஏறியதும் சொட்டியது.

"இன்னிக்கும் ஒழுவுனா, நாளைக்கு பாசஞ்சர்ல ஏத்தி அனுப்பிடலாம். ஒங்கப்பாவே மாத்திக் குடுக்கட்டும்" என்று காலையில் ஞானாம்பாள் சொல்லியிருந்தாள். கோபம்கூட இல்லை, உப்பு தீர்ந்துவிட்டது என்பது போலச் சொன்னாள். அப்பா அதை ஸ்டேஷனிலிருந்து கூலியாள் தலையில் ஏற்றிக்கொண்டு தெரு முழுக்க நடந்து வருவதை மலர்க்கொடி நினைத்துப் பார்த்தாள். வழியில் எத்தனை பேர் கேட்பார்கள்.

கலியமூர்த்தி குழாயின் வாயைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, மறுமுனை மரையில் சணல் நூலைச் சுற்றினார். மலர்க்கொடியின் விரல் காற்றில் ஒருமுறை சுழன்று நின்றது. பி.எஸ்ஸி. செய்முறைத் தேர்வில் சரியான விடையை முணுமுணுத்து, "என்னம்மா?" என்று மூன்று முறை கேட்கவைத்தவள் அவள்.

"நூலு... தப்பான பக்கம் போவுதுங்க."

ஞானாம்பாள் திரும்பிப் பார்த்தாள். கலியமூர்த்தி சிரித்தார்.

"சாமிய சுத்துற மாதிரி வலமாத்தாம்மா சுத்துறேன். காலேஜுல கொழாய் மாட்டவும் சொல்லிக் குடுத்தாங்களா?"

"ஒங்க பக்கத்துலேருந்து பாத்தா வலம். பாய்லரு அந்தப் பக்கம் இல்ல இருக்குது? அங்கேருந்து பாத்தா எடது. திருப்பத் திருப்ப நூலு பிரிஞ்சிக்கும்."

இந்த வீட்டில் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. கலியமூர்த்தி குழாயைத் திருப்பி, மரை முனையைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பழைய நூலும் இப்படித்தான் பிரிந்து கிடந்ததென்று முணுமுணுத்தபடி, தரையில் கிடந்த அதைக் காலால் ஒதுக்கினார்.

"அவ சொல்றபடிதான் ஒருதரம் சுத்திப் பாரேன்யா. ரெண்டு தரம் நீ சொன்னபடி பாத்தாச்சே" என்றாள் ஞானாம்பாள்.

அவர் நூலைப் பிரித்து மாற்றிச் சுற்றி, வெள்ளைக் களிம்பு தடவி முறுக்கினார். மலர்க்கொடி தண்ணீர் நிரப்பிக் கரியைப் பற்றவைத்தாள். குழாய்க்குக் கீழே தரையில் உலர்ந்த சாம்பலைத் தூவினாள். ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியும்.

கரி சிவந்தது. தாமிரத்துக்குள் தண்ணீர் மெல்ல முனக ஆரம்பித்தது. முன்பு இந்த நேரத்தில்தான் சொட்டியது. மலர்க்கொடி குத்துக்காலிட்டு உட்கார்ந்து பொருத்துக்கு அடியில் உள்ளங்கையை நீட்டினாள்.

"தள்ளிக்கோ, சுட்டுடப் போவுது" என்றாள் ஞானாம்பாள்.

அவள் நகரவில்லை. சற்று நேரம் கழித்து, ஞானாம்பாளின் உள்ளங்கையும் அவள் கைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.