மண்டப வாசலில் முத்துத்தாய்

விஜயதசமி காலையில் கடையைத் திறந்து, சாமி படத்தைக் கும்பிட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டேன். உள்ளே ஃபேன் சுற்றியது. முன்பக்கம் நீல விளக்கு எரிந்தது. மானிட்டர் மட்டும் கறுப்பாகவே இருந்தது. கொஞ்சம் பொறுத்து 'நோ சிக்னல்' என்று ஒரு சின்னக் கட்டம் வந்து, மூலைக்கு மூலை அலைந்து, அதுவும் அணைந்துபோனது. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே ஃபேன், அதே விளக்கு, அதே கறுப்பு. எனக்குப் பின்னால் முத்துத்தாய் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் ஆயுத பூஜை ஐப்பசியில் வந்ததால் பூஜை முடிந்த கையோடு கல்யாணங்கள் தொடங்கிவிட்டன. மறுநாள் அவள் மகள் சத்யப்ரியாவுக்குக் கல்யாணம். சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் காளவாசல் மண்டபத்து வாசலில் பேனர் நிற்க வேண்டும். அந்தப் பேனர் இந்தப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. பிரிண்ட் போடுகிறவரோ மத்தியானத்தோடு கடையை மூடிவிட்டுக் குலசாமி கோயிலுக்குப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

அவனியாபுரத்தில் பேனர் டிசைன் பண்ணிப் பிழைக்கிறவளுக்கு, எந்தக் குடும்பத்தில் யாருக்கு யாரோடு ஆகாது என்பது அத்துப்படி. மேலே சாமி, அதற்குக் கீழே செத்தவர்கள் விளக்கோடு ஒரு வட்டத்தில், நடுவில் பொண்ணு மாப்பிள்ளை, பக்கத்தில் பெற்றவர்கள், தாய்மாமன், கடைசி வரிசையில் கூலிங்கிளாஸ் போட்ட பொடிசுகள். யார் படம் எந்தளவு என்பதில் வெட்டுக்குத்துவரை போனவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கல்யாணத்துக்கு முதலில் டிசைன் கேட்டு வந்தவர் முத்துத்தாயின் கொழுந்தன் நல்லகாமன். வட்டத்துக்குள் செத்துப்போன அண்ணன் சோலை. பெற்றவர்கள் இடத்தில் வெள்ளைச் சட்டையில் இவரும் இவர் சம்சாரமும். முத்துத்தாய் எங்குமே இல்லை. "பொண்ணோட அம்மா?" என்று கேட்டேன். "அவங்க முன்னாடி நிக்கிறது மொறையில்லம்மா. மங்கள காரியம் பாரு" என்றார். தாலியறுத்தவள் படத்தை வாசலில் வைக்கக்கூடாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாடிக்கையாளர் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாளே முத்துத்தாய் வந்தாள். பால் கேன்கள் தொங்கும் எக்செல் வண்டியைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு, சேலைக்கு மேல் போட்ட ஆம்பளைச் சட்டையோடு உள்ளே வந்தாள். பத்து மாட்டை வைத்து ஒற்றை ஆளாகப் பெண்ணைப் படிக்கவைத்தவள். "எம் படத்த வைய்யி தாயி. கொழுந்தனார் படம் எங்கிட்டும் இருக்கட்டும், எம் படம் மேல இருக்கணும்" என்றாள். கடைச் சுவரோரம் நிறுத்தி நானே போட்டோ எடுத்தேன். "நெத்தியில சின்னதா ஒரு பொட்டு மட்டும் கம்ப்யூட்டர்ல வச்சு விடவாக்கா?" என்று கேட்டுத் தொலைத்தேன். "வேணாம். நெத்திய நெத்தியாவே விடு. நான் இருக்கிறபடிதான் எம்மகளக் கட்டிக்குடுக்கேன்" என்றாள்.

இப்போது அந்த முகம்தான் வர மாட்டேன் என்றது. மானிட்டரின் கேபிளைக் கழற்றி மாட்டினேன். பக்கத்து ஜெராக்ஸ் கடையிலிருந்து வேறு மானிட்டர் வாங்கி வந்து மாட்டினேன். அதுவும் கறுப்பு. அந்த நேரம் பார்த்து புல்லட் சத்தம் கேட்டது. நல்லகாமன்தான். கையில் தன் டிசைன் போட்ட பென்டிரைவ். உள்ளே வந்து கறுப்புத் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவர் முகத்தில் விளக்கு எரிந்தது.

"பாத்தீகளா மதினி? கரெண்டு இருக்கு, எல்லாம் ஓடுது, படம் மட்டும் வரல. எங்கண்ணனே குறுக்க நிக்கிறாரு. நான் காளவாசல்ல எங்காளு கடையில எம் பேனர அடிச்சுட்டு வாரேன். விடுங்க."

முத்துத்தாய் திரும்பக்கூட இல்லை. "உங்கண்ணன் உசுரோட இருந்தப்பவே எனக்குக் குறுக்க நின்னதில்ல தம்பி. தமிழு என்ன சொல்றான்னு பாப்போம்."

தமிழு என்பது நான், தமிழ்வாணி. எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் அந்த ஆள் முன்னால் அதைச் சொல்வதற்கு நான் தயாராக இல்லை. சர்வீஸ் இம்மானுவேலுக்குப் போன் போட்டேன். லீவுக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தவன் போனிலேயே கேட்டான்.

"சத்தம் எதும் வருதாக்கா? காதக் குடுத்துக் கேளுங்க."

பெட்டியில் காதை வைத்தேன். விட்டு விட்டு ஒரு கீச்சுச் சத்தம், பசித்த கோழிக்குஞ்சு மாதிரி.

"அப்ப ரேமு சரியா உக்காரலக்கா. வயரப் புடுங்கிட்டுத் தொறங்க. நீளமா, பச்சையா ஒரு அட்டை இருக்கும். கழட்டி, அடியில மஞ்சளா மின்னுற ஓரத்த ரப்பர வச்சுத் தேச்சு மாட்டுங்க."

திருகுகள் ஏற்கெனவே லூசாக இருந்தன. ஒன்றைக் காணோம். பெட்டியின் பக்கவாட்டுத் தகரத்தை இழுத்ததும் சந்தன வாசம் வந்தது. ஃபேனுக்கு நடுவில் சந்தனம், குங்குமம். பெரிய போர்டுக்கு ஒன்று. ஹார்ட் டிஸ்குக்கு ஒன்று. அந்தப் பச்சை அட்டையில் மூன்று பட்டை விபூதி போட்டு, நடுவில் பெரிய பொட்டாக வைத்து, சந்தனம் வழிந்து அடிவரை காய்ந்திருந்தது. அட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

வாசலில் ஷேர் ஆட்டோவுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் பாண்டிராஜ் எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, இது என்ன வேலை?"

"தமிழு... வண்டிக்கு எஞ்சின்ல வப்போம்ல. வெளித் தகரத்துக்கு மட்டும் பொட்டு வச்சா, உள்ள ஒழைக்கிறது கோவிக்காதா? ஈரத்துணி போட்டு நல்லாத் தொடச்சுட்டுத்தான் வச்சேன். அந்த அட்டை லேசா ஆடுச்சு. அமுக்கி விட்டேன்."

"ஈரத்துணி வேறயா!"

முத்துத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய தகரப் பெட்டிக்கு, உழைக்கிறது என்பதற்காக மூலை முடுக்கெல்லாம் பொட்டு. விடியும் முன்னே எழுந்து உழைக்கிறவளுக்கு வாசலில் இடமில்லை. இதை நினைத்தபோது எனக்கு யார் மீது கோபம் என்றே தெரியவில்லை. பாவம், பாண்டிராஜைத்தான் இன்னும் நாலு திட்டுத் திட்டினேன்.

அட்டையைக் கழற்றித் துடைக்கப் போனேன். நல்லகாமன் குறுக்கே கை நீட்டினார். "ஏம்மா, பூஜையில வச்ச பொட்ட விஜயதசமி அன்னிக்கு அழிக்கப்போறியா? வெளங்குமா? நாளைக்குக் கல்யாணத்த வச்சுக்கிட்டு..."

என் கை நின்றுவிட்டது. என்னதான் வாய் பேசினாலும் எனக்கும் பயம் இருக்கிறது. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் தலையில் விழும்.

முத்துத்தாய் ஸ்டூலை விட்டு எழுந்தாள்.

"அழி தாயி. எனக்குந்தான் அழிச்சாக. ஊரே கூடி நின்னு அழிச்சாக, இந்தத் தம்பியும் அங்கிட்டுத்தான் நின்னாரு. அதோட நான் என்ன நின்னா போனேன்? மறுநா விடியமுன்ன எந்திரிச்சுப் பாலு கறந்தேன். பொட்ட அழிச்சா ஒண்ணும் ஆகாது. அழி."

நல்லகாமன் நீட்டிய கையை எடுத்துக்கொண்டார். நான் துடைத்தேன். உலர்ந்த துணியால் சந்தனத்தை எடுத்து, ரப்பரை வைத்து அந்த மஞ்சள் ஓரத்தைத் தேய்த்தேன். குங்குமம் என் விரலெல்லாம் ஒட்டியது. பெட்டிக்குள் ஈரம் எங்கும் இல்லை என்று தடவிப் பார்த்துவிட்டு, அட்டையை வைத்து இரண்டு பக்கமும் 'டக்' என்று விழும்வரை அமுக்கினேன். வயரைச் சொருகிப் பட்டனைப் போட்டேன். ஒரே ஒரு கீச்சு. திரை வெளுத்தது.

ஃபைலைத் திறந்ததும் முத்துத்தாயின் முகம் திரை முழுக்க நின்றது. வெறும் நெற்றி, வெயிலில் சுருங்கிய கண். யாரையோ பதில் கேட்கிற மாதிரி பார்த்தது. அவளும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இம்புட்டுத்தானா? நீ இன்னும் கொஞ்சம் பெருசாக்கு."

"உசரம் கூடிப்போகும்க்கா."

"கூடட்டும்."

கூட்டினேன். நல்லகாமன் "மண்டபத்துல பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிரிண்ட் கடை ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தபோது பாண்டிராஜ் ஆட்டோவைக் கொண்டுபோய் அதன் குறுக்கே நிறுத்தினார். செய்த தப்புக்கு அந்த மட்டும் உபகாரம்.

சாயங்காலம் மண்டபத்து வாசலில் நல்லகாமன் தன் பேனர் அளவுக்குச் சட்டம் அடித்து வைத்திருந்தார். எங்கள் பேனர் அதில் அடங்கவில்லை. ஏணியில் நின்று பேனர் கட்டிக்கொண்டிருந்த மலைச்சாமி கீழே குனிந்து கேட்டார்: "மேல மடிக்கவா, கீழ மடிக்கவா?" மேலே மடித்தால் சாமியும் சோலையும் முத்துத்தாயும் போவார்கள். கீழே மடித்தால் வெள்ளைச் சட்டை நல்லகாமனும் பங்காளிகளும் போவார்கள். நல்லகாமன் வாயைத் திறந்தார், சொந்த அண்ணனை மடி என்று எப்படிச் சொல்வது, மூடிக்கொண்டார். எல்லோரும் முத்துத்தாயைப் பார்த்தார்கள். கீழே மடி என்று அவள் சொல்வாள் என்றுதான் நானும் நினைத்தேன். சொல்ல வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன்.

"யாரையும் மடிக்க வேணாம். சட்டத்த ஒசத்து" என்றாள்.

பட்டுச்சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகினாள். மதிலோரம் கிடந்த நீளக் கட்டையின் ஒரு முனையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டாள். மேளக்காரர்கள் வாசிப்பதற்கு எழுந்து நின்றார்கள். மாப்பிள்ளை வீட்டு வேன் ரோட்டு முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. கட்டையின் மறுமுனை நல்லகாமனின் காலடியில் கிடந்தது. அவள் தோளில் கட்டையோடு அவரைப் பார்த்தபடி நின்றாள்.