நீச்சல் குளத்தைத் தூர்த்த கோடை

தலத்தெருவில் அந்த வீட்டை வாங்கியதே கொல்லையில் இருந்த நீச்சல் குளத்துக்காகத்தான் என்று சிலுவைராஜ் ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஒரு டாக்டர் கட்டிய குளம். ஒரு முனையில் இடுப்பளவு ஆழம், மறு முனையில் ஆள் மூழ்கும். யாரும் இறங்காமல் பல வருஷம் கிடந்து, தண்ணீர் பச்சை பிடித்துப் போயிருந்தது.

அவர் மனைவி இசபெல்லா ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"பகல்ல யானைக்காலுக்கு மாத்திரை குடுக்குறேன். வீட்டுக்கு வந்து கொசு வளக்குறேன்" என்பாள். "தூர்த்துடலாங்க."

"சுத்தம் பண்ணி நான் நீந்தப் போறேன், பாரு" என்பார் அவர். இரண்டு வருஷமாக இதே பேச்சு.

எழுபத்தொன்பதாம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருவரும் பூசை முடிந்து வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கொல்லையில் தொப்பென்று சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக் கோவிந்தராசுவின் கன்றுக்குட்டி வேலியில் புகுந்து வந்து ஆழமான பக்கத்தில் விழுந்திருந்தது. சிலுவைராஜ் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார். விளிம்பு வரை போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"குதிங்க சார்" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கோவிந்தராசு கத்தினார். சார் அசையவில்லை. கோவிந்தராசுவே வேலியைத் தாண்டி வந்து குதித்தார். இசபெல்லா கிணற்றுக் கயிற்றை அவிழ்த்து வந்து வீசினாள். அவர் அதைக் கன்றின் மார்போடு சேர்த்துக் கட்ட, அவள் ஆழமில்லாத பக்கமாக நடந்து நடந்து இழுத்தாள். கரையேறிய கன்று உடம்பைச் சிலிர்த்து, பாசித் தண்ணீர் முழுவதையும் சிலுவைராஜ் மேல் தெளித்தது.

அன்று சாயங்காலம் அவர் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு நீச்சல் தெரியாது, இசபெல்."

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"கல்யாணம் ஆன புதுசுலேருந்து. கடல்ல கால் நனைக்கிறதுக்கே என் கையை உடும்பா புடிச்சீங்களே."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து ஓய்ந்ததும், "தூர்த்துடலாம்" என்றார்.

சித்திரையில் மேஸ்திரி பாலகுரு வந்து பார்த்தார். "ஒண்ணுமில்ல சிஸ்டர். தண்ணிய எறைச்சிட்டு மண்ணக் கொட்டிட்டா, மூணு நாள் வேலை."

"மழை பேஞ்சா அந்தத் தண்ணி எங்க போகும்?"

"மண்ணுக்குள்ள போயிடும்."

"அடியில சிமெண்ட் தரை இருக்கே. ஓட்டை போடாத பூந்தொட்டியில மண்ணு போட்டா செடி அழுகிடாதா? ஐப்பசியில இது சேத்துக்குழியா கெடக்கும். யாராவது கால் வச்சா முழங்கால் வரைக்கும் உள்ள போயிடும்."

பாலகுரு தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரோடு வந்த சித்தாள் ராஜம், "சிஸ்டர் சொல்றது சரிதான், மேஸ்திரி" என்றாள். பாலகுரு அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "அப்ப பத்து நாளாகும்" என்றார்.

முதலில் எலக்ட்ரீஷியன் வந்து பழைய மோட்டாருக்குப் போன ஒயரைத் துண்டித்தார். பிறகு டீசல் எஞ்சின் வைத்துத் தண்ணீரைத் தென்னைகளுக்குப் பாய்ச்சினார்கள். அடிச்சேற்றில் முழங்கை நீளத்துக்கு விரால்கள் புரண்டன. யார் கொண்டுவந்து விட்டார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. சிலுவைராஜ் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கி மூன்றைப் பிடித்தார். நான்காவது அவரைச் சேற்றில் உட்கார வைத்தது. அன்று மத்தியானம் வேலையாட்களுக்கும் கோவிந்தராசு வீட்டுக்கும் சேர்த்து இசபெல்லா குழம்பு வைத்தாள்.

தண்ணீர் வற்றியதும், மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று பாலகுருவே அவசரப்படுத்தினார். கடலோரத்து ஊர், நிலத்தடி நீர் ஏறினால் வெறும் தொட்டியை அப்படியே மேலே தூக்கிவிடும் என்றார். தரையில் நான்கு இடத்தில் கடப்பாரையால் பெரிய துளைகள் போட்டார்கள். வாளித் தண்ணீரை ஊற்றி, அது இறங்குகிறதா என்று இசபெல்லா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சுவர்களை மேலிருந்து மூன்றடிக்கு இடித்து, அந்தக் கல்லையும் காரையையும் அடியில் பரப்பினார்கள். அதன் மேல் மணல். அப்புறம் நெடுங்காட்டிலிருந்து வண்டி வண்டியாக மண் வந்தது. ஒரு முழம் கொட்டுவது, தண்ணீர் தெளிப்பது, கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்துவது, மறுபடி ஒரு முழம். இடிக்கும் கட்டையைச் சிலுவைராஜ் கேட்டு வாங்கினார். இருபது இடி இடித்ததும் கைக்கு எண்ணெய் தேடிப் போனார்.

பதினோராம் நாள் கொல்லை ஒரே மட்டமாக இருந்தது.

"இது மேல ஒரு ரூம் போடலாமா?" என்றார் சிலுவைராஜ்.

"போட்டா சுவர் வெடிச்சிடும் சார். மண்ணு நல்லா அடங்கணும்" என்றார் பாலகுரு.

ஐப்பசி மழை நான்கு நாள் விடாமல் கொட்டியது. ஐந்தாம் நாள் காலையில் இசபெல்லா குடை பிடித்துக்கொண்டு நடுக்கொல்லை வரை நடந்தாள். தண்ணீர் தேங்கவில்லை. மண் மட்டும் நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. தை மாதம் இன்னும் இரண்டு வண்டி மண் அடித்து அதைச் சரிக்கட்டினார்கள்.

அந்த வாரமே சிலுவைராஜ் இரண்டு பூப்பந்து மட்டைகளும் ஒரு வலையும் வாங்கி வந்தார்.

"இதாவது வெளையாடத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது" என்றார் உடனே. "உனக்கு?"

"நர்சிங் ஸ்கூல்ல ரெண்டு வருஷம் ஆடியிருக்கேன்."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் பந்தை அடித்தாள். அது அவர் தலைக்கு மேலே போய் வேலியைத் தாண்டியது. அவர் அதை எடுத்துத் தரச் சொல்லிக் கோவிந்தராசுவைக் கூப்பிட்டார்.