ஏரியில் சங்கரா கடித்த வாரம்

1

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று சமாதானம் சொல்ல வராதீர்கள். இது கதைக்காகச் சொன்ன பொய் இல்லை. வேட்டி வாங்கப் போன இடத்தில் வாய் சும்மா இருக்காமல் சொன்னது.

தி.நகரில் ஒரு சின்ன ஜவுளிக்கடை. முதலாளி மாணிக்கவாசகம், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஊருக்கே அண்ணாச்சி. நான் போனபோது மழை பிடித்துக்கொண்டது. அவர் வேட்டியை மடிப்பதை நிறுத்திவிட்டு, வாயைத் திறந்தபடி தெருவையே பார்த்தார்.

“ஐப்பசி வரப்போகுது. இந்தத் தண்ணிக்கு ஏரியில விரால் மேல வந்து வாயப் பொளக்கும். இருவத்தேழு வருஷமாச்சு சார், நான் ஐப்பசியில தூண்டில் போட்டு. ஐப்பசின்னா தீபாவளி, தீபாவளின்னா கடை. நீங்க ஏரிப் பக்கம் போறதுண்டா?”

“தெனமும் காலையில தவறாம போவேன்” என்றேன்.

ஏன் சொன்னேன்? சத்தியமாகத் தெரியவில்லை. நான் ஆழ்வார்பேட்டை ஸ்ரீரங்கன். மீனை நான் மிக நெருக்கத்தில் பார்த்தது எங்கள் பூஜை அலமாரியில் இருக்கும் மச்சாவதாரப் படத்தில்.

“அடேயப்பா! அப்போ தெனமும் நிலவரம் எழுதி அனுப்பும்வே” என்றார். ஒரே மூச்சில் ‘சார்’ போய் ‘வே’ வந்துவிட்டது. அந்த உரிமையில் நான் கவிழ்ந்துவிட்டேன்.

2

இந்தக் கதைக்கு நான் முதலில் எழுதிய தொடக்கம் இது:

ஐப்பசி விடியலில் ஏரி ஒரு

அவ்வளவுதான். ‘ஒரு’ என்று எழுதிவிட்டால் அடுத்தது உவமை வந்தாக வேண்டும். ஏரியையே பார்க்காதவன் உவமைக்கு எங்கே போவான்? இரண்டாவது தொடக்கம்:

மாணிக்கவாசகத்துக்கு அடர்ந்த மீசை. அதை முறுக்கியபடி

அவருக்கு மீசையே கிடையாது. மீன்பிடிக்கிறவருக்கு மீசை இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஒரு ஆசை. விட்டுவிட்டேன்.

(ஏரியின் பெயரையும் சொல்ல மாட்டேன். சொன்னால் வருகிற ஞாயிறு நீங்கள் குடும்பத்தோடு கிளம்பிவிடுவீர்கள்.)

3

தினமும் காலையில் வாட்ஸாப்பில் நிலவரம் போகும். நீர்மட்டம் பத்திரிகையிலிருந்து. காற்று ஃபோனிலிருந்து. மீன் என் தலையிலிருந்து. மீன்களின் பெயருக்கு மட்டும் தெருமுனை ஓட்டல் வாசலில் சாக்பீஸில் எழுதிவைக்கும் பலகையை நம்பியிருந்தேன். மாதிரிக்கு ஒன்று:

‘இன்றைய ஏரி நிலவரம்: நீர்மட்டம் அரை அடி ஏற்றம். வடகிழக்குக் காற்று, மெதுவாக. கிழக்குக் கரையில், சாய்ந்த கருவேல மரத்தடியில், சங்கரா நன்றாகக் கடிக்கிறது.’

அண்ணாச்சியிடமிருந்து உடனே ஒரு கட்டைவிரல் வரும். சங்கரா எழுதிய அன்று மட்டும் அது வர ஒரு மணி நேரம் ஆயிற்று. கடையில் கூட்டம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என் மனைவி கோமளம் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஆத்துல ஃபேனுக்கு அடியில உக்காந்துண்டு மீன் பிடிக்கறேளே, பகவான் பாத்துண்டுதான் இருக்கார்.”

பகவான் பார்த்தாரோ இல்லையோ, இன்னொருவர் பார்த்துவிட்டார்.

4

“சார், நான் சண்முகவடிவு பேசுதேன். ஜவுளிக்கடை வீட்டம்மா. இவுக ஃபோனைப் பாத்தேன். ஏரியில சங்கரா கடிக்குன்னு எழுதுனது நீங்கதான?”

“ஆமாம்மா.”

“சங்கரா கடல் மீனு சார்.”

எனக்குக் காது சுட்டது.

“அது கெடக்கட்டும். வார ஞாயித்துக்கிழம கடைய விட்டுட்டு ஏரிக்குப் போறேங்காக. தீபாவளிக்கு முந்துன ஞாயிறு சார்! அன்னைக்கு விக்கலன்னா பொங்கல் வரைக்கும் ஈ ஓட்டணும். ஏத்திவிட்டது நீங்க. நீங்களே எறக்கிவிடுங்க. மீனு கடிக்கலன்னு எழுதுங்க, போதும்.”

[முதல் படியில் இந்தம்மாளை வில்லியாகத்தான் எழுதியிருந்தேன். திரும்பப் படித்தால், இதுவரை இந்தக் கதையில் முழு உண்மை பேசிய ஆள் அவர் ஒருவர்தான். மாற்றிவிட்டேன். மீசை இல்லாத அண்ணாச்சி, வில்லி இல்லாத கதை. என்ன செய்வது?]

5

கடிக்கவில்லை என்று எழுதுவது சுலபம் என்றா நினைக்கிறீர்கள்?

புதன்கிழமை எழுதினேன்: ‘காற்று கடுமை. தூண்டில் நிற்காது.’ பதில் வந்தது: ‘காத்தடிச்சா மீனு கரையோரம் ஒதுங்கும். நல்லதுவே.’

வியாழன்: ‘தண்ணீர் ஒரே கலங்கல்.’ பதில்: ‘கெளுத்திக்கு அதான் தோது.’

வெள்ளி: ‘ஞாயிறு கனமழை என்கிறார்கள்.’ பதில்: ‘மழைக்கு முந்துன ஒரு மணி நேரம் அப்பிக்கிட்டுக் கடிக்கும். அஞ்சு மணிக்கே போயிருவோம்.’

போயிருவோமா? நானுமா?

‘ஏரியில் முத

முதலை என்று முடிக்க வந்தேன். கை கூசிவிட்டது. பொய்க்கும் ஒரு அளவு வேண்டாமா? தூண்டில்காரரிடம் கெட்ட நிலவரம் என்று ஒன்று கிடையவே கிடையாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

அதனால் நிலவரத்தை விட்டுவிட்டு, கதையின் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: அண்ணாச்சி தனியாகப் போகிறார். சாய்ந்த கருவேல மரத்தைத் தேடுகிறார். நாள் பூராவும் தேடிவிட்டு, தூண்டிலைப் பிரிக்காமலே திரும்புகிறார்.

இதை எழுதிய பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருபத்தேழு வருஷத்தில் ஐப்பசியில் ஒரு மனிதர் எடுக்கிற ஒரே ஞாயிறு. அதை என் மரத்துக்கா பலி கொடுப்பது?

முடிவு ஆ: அடைமழை. ஏரியும் இல்லை, கடையும் இல்லை.

கோழைத்தனம். அடித்துவிட்டேன்.

6

சனிக்கிழமை சாயங்காலம் நேரே கடைக்குப் போனேன். நிற்க இடமில்லை. அண்ணாச்சி ஒரு குழந்தையின் தோளில் பட்டுப்பாவாடையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, நான் ஏரிக்குப் போனதே இல்லை.”

“தெரியும்” என்றார், பாவாடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“மரமெல்லாம் கிடையாது. மீன் பேர் ஓட்டல் போர்டுல பாத்து…”

“சங்கரான்னு எழுதுனீருல்லா, அன்னைக்கே தெரியும். ஒரு மணி நேரம் சிரிச்சேன்வே. துணி எடுக்க வந்தவுக பயந்துட்டாக.”

“பின்ன ஏன் அண்ணாச்சி, கடையை விட்டுட்டுப் போறேங்கறீங்க?”

அவர் இப்போதுதான் என்னைப் பார்த்தார். “நீரு போகாமலே தெனமும் எழுதுதீரு. நான் போகாமலே தெனமும் படிக்கேன். யாராச்சும் ஒருத்தர் போய்ப் பாக்கணும்லா?”

ரவிக்கைத் துணிப் பக்கம் நின்றிருந்த சண்முகவடிவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். திட்டப்போகிறார் என்று நான் இரண்டு அடி பின்னால் நகர்ந்தேன்.

“போயிட்டு வாங்க” என்றார் கணவரிடம். “கடைய நான் பாத்துக்கிடுதேன். மத்தியானம் ரெண்டு மணிக்குத் திரும்பி நிக்கணும். இந்த சாரையும் கூட்டிட்டுப் போங்க.” பிறகு என் பக்கம் திரும்பினார். “இனிமே கண்ணால பாக்காம ஒரு வரி எழுதக் கூடாது. சம்மதமா?”

சம்மதம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

7

அதனால் இந்தப் பகுதியை ஏரிக்கரையில் உட்கார்ந்து, ஃபோனில் எழுதிக்கொண்டிருக்கிறேன். (அனுமதி வாங்கினீர்களா என்று கேட்கும் வாசகருக்கு: வாங்கினோம். சீட்டு என் சட்டைப்பையில் நனைந்துகொண்டிருக்கிறது.)

கிழக்குக் கரையில் ஒரு கருவேல மரம் இருக்கவே இருக்கிறது. நேராக நிற்கிறது. “மரம் சாயலன்னா என்ன, நாம சாஞ்சுக்கிடுவோம்” என்று அண்ணாச்சி அதில் முதுகைச் சாய்த்தார். தூண்டில் தக்கை தண்ணீரில் மிதந்தது. நாலு மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. அவர் ஒரு தடவைகூட ஃபோனைப் பார்க்கவில்லை.

பத்து மணிக்கு எனக்குச் செய்தி வந்தது, சண்முகவடிவிடமிருந்து: ‘கூட்டம் நெரியுது. கடிக்கா?’

தீபாவளிக்கு முந்தைய கடைசி ஞாயிறு, கவுண்ட்டரில் அத்தனை கை நீள்கிற நேரம். அதில் இந்தக் கேள்வி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே அடித்தேன்: ‘இன்றைய ஏரி நிலவரம்: நீர்மட்டம், அண்ணாச்சியின் பாதத்துக்கு ஒரு சாண் கீழே. காற்று, என் வேட்டியைத் தூக்கும் அளவு. மீன்:’

அப்போது தக்கை முங்கியது.

அண்ணாச்சி எழுந்தார், இழுத்தார், முழங்கால் வரை தண்ணீரில் இறங்கினார், குனிந்தார், என்னவோ செய்தார், வந்து கூடையை மூடினார். நான் அத்தனை நேரமும் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மழையைப் பார்த்த அன்று போலவே வாய் திறந்திருந்தது. மீனைப் பார்க்கவில்லை. இருந்ததா, நழுவியதா, தெரியாது.

“என்ன அண்ணாச்சி, கிடைச்சுதா?”

“நீரு பாக்கலையா? தொறந்து பாரும்.” சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார். பதினைந்து நாள் நிலவரத்துக்கும் சேர்த்துப் பழி வாங்குகிறார்.

கூடையைத் திறக்க எனக்குப் பயமாக இருக்கிறது. உள்ளே ஏதாவது துள்ளினால் கத்திவிடுவேன். பார்க்காமல் எழுதுவதில்லை என்று வாக்கும் கொடுத்தாகிவிட்டது. ஆகவே மூடியை நீங்கள் திறந்துகொள்ளுங்கள். ‘மீன்:’ என்பதற்குப் பக்கத்தில் என்ன பார்த்தீர்களோ அதை எழுதி அனுப்பிவிடுங்கள். அந்தம்மா கூட்டத்துக்கு நடுவில் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

சங்கரா என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.