இல்லேன்னாலும் பரவாயில்லை

மனித குலம் நிமிர்ந்து நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து தனக்குத்தானே தேடிக்கொண்ட அவமானங்களில் ஆகப்பெரியது, பழைய முதலாளி முன்னால் போய் நின்று "என்னைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்றீங்களா?" என்று கேட்பதுதான். இந்த மாபெரும் உண்மையைக் குமிழி சாப்பாட்டு மேசையில், வாய் நிறைய சாப்பாட்டோடு, உலகுக்கு அறிவித்தான். உலகம் என்பது அப்போதைக்கு அவன் தங்கச்சி மட்டும்.

குமிழி என்பது மீன்கடையில் ஒட்டிக்கொண்ட பேர். அலங்கார மீன் விற்கும் அந்தக் கடையில் அவன் இரண்டு வருஷம் வேலை பார்த்தான். தொட்டியில் காற்றுக்குழாய் ஓய்ந்தாலும் இவன் வாய் ஓயாது என்று கடைக்கார அக்கா முதல் வாரமே வைத்துவிட்டாள். பேர் வீடுவரை வந்து உட்கார்ந்துகொண்டது. பெற்றவர்கள் வைத்த பேர் சான்றிதழ்களில் மட்டும் குடியிருந்தது.

தங்கச்சி தையல்கடையை விட்டுப் பெரிய கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். பழைய மாஸ்டரைப் பார்க்கத் தலைவாரிக் கிளம்பி நின்றாள்.

"எதுக்கு இந்த அலங்காரம்? தர்பாருக்கா போறே?"

"நேர்ல போய்க் கேட்கிறதுதான் முறை. 'உங்க பேரைக் கொடுக்கலாமா மாஸ்டர், இல்லேன்னாலும் பரவாயில்லை'ன்னு கேட்பேன்."

"பரவாயில்லேன்னா எதுக்கு மெனக்கெட்டுப் போறே?"

"அவருக்கு மனசில்லேன்னா மறுக்க ஒரு வழி வேணாமா?"

"அடடா! கும்பிடும் போட்டு, ஓடுறதுக்கு வழியும் நீயே காட்டுறியா? என்னைப் பாரு. அக்கா பேரை எழுதினேன், நம்பரை எழுதினேன், அனுப்பினேன். ரெண்டு வருஷம் கூட இருந்தவங்களுக்கு என்னைத் தெரியாதா?"

"ஒரு வார்த்தை சொல்லிட்டாவது எழுதியிருக்கலாம். போடா அண்ணா."

குமிழி விண்ணப்பித்தது மீன் ஆராய்ச்சி நிலையத்தில் தொட்டி பராமரிக்கும் வேலைக்கு. சூரியனுக்குக் கீழே எல்லாவற்றையும் கிண்டல் அடிப்பவன், அந்த வேலையைப் பற்றி மட்டும் ஒரு கிண்டலும் அடிக்கவில்லை. ஆசை எவ்வளவு என்று வீட்டில் எல்லோருக்கும் அதிலேயே விளங்கிவிட்டது.

அடுத்த வாரம் அங்கிருந்து போன் வந்தது. "தம்பி, நேர்காணல்ல நல்லாத்தான் பேசினீங்க. ஆனா நீங்க சொன்ன கடையில, உங்க பேர்ல யாருமே வேலை பார்க்கலேங்கிறாங்க. உங்களைத் தெரிஞ்சவங்க யாராவது நாளைக்குள்ள பேசினா பார்க்கலாம். இல்லேன்னா அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்."

மூக்கு விடைக்க மீன்கடைக்குள் நுழைந்தான். அக்கா கையில் வலையோடு தொட்டிமேல் குனிந்திருந்தாள்.

"என்னைத் தெரியாதுன்னு சொல்லிட்டீங்களாமே!"

"யாரு, குமிழியா? ஆறு மாசமாத் தலை காட்டலே, வந்ததும் வராததுமா என்னடா சண்டை?"

அவன் சான்றிதழ்ப் பேரைச் சொன்னான்.

"அய்யய்யோ, அது நீயா?" வலை தொட்டிக்குள் விழுந்தது. "யாரோ என்னவோ பேரு சொன்னாங்க. நம்ம கடையில இருந்தது நீ, நான், மீனு. ஏதோ மோசடி கும்பல்னு நினைச்சு, வேற வேலை இல்லையான்னு நல்லாத் திட்டி வச்சிட்டேன்டா!"

குமிழி ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"ஒரு வார்த்தை முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா?" அக்கா குரல் இறங்கியது. "உன்னைத்தான் கேட்கிறாங்கன்னு தெரிஞ்சிருந்தா, அன்னிக்குக் கரண்ட் போனதைச் சொல்லியிருப்பேன். பகல் பூரா ஒவ்வொரு தொட்டியா தண்ணியை மொண்டு மொண்டு உயரத்திலேருந்து ஊத்தினியே, மீனுக்கு மூச்சு வேணும்னு. மறுநாள் கையைத் தூக்க முடியாம நின்னே. அதோ, அந்த ஒத்தைக்கண்ணன் இன்னும் இருக்கான் பாரு."

மூலைத் தொட்டியில் ஒற்றைக்கண் தங்கமீன் கண்ணாடியோரம் வந்து நின்றது. அந்த நாளை அவனே மறந்திருந்தான். இவள் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறாள். அதைச் சொல்ல வாய்த்த ஒரே நேரத்தில், யாரென்று தெரியாமல் அவளைத் திட்ட விட்டுவிட்டான்.

"இரு, இப்பவே அவங்களுக்குப் போன் போட்டு..." என்று அக்கா கையைத் துடைத்தாள்.

"வேணாம்கா. ஒரு நிமிஷம்."

வெளியே போனான். கடைக்கண்ணாடியில் பார்த்துத் தலையைக் கையால் கோதினான். மேல்பட்டனைப் போட்டுக்கொண்டான். பிறகு, திறந்தே கிடந்த கதவைத் தட்டினான்.

"உள்ளே வரலாமாக்கா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிக்காமல், "வாங்க" என்றாள்.

"புது வேலைக்கு உங்க பேரைக் கொடுக்கலாமா? என்னைப் பத்தி உங்களுக்குத் தோணுறதைச் சொன்னாப் போதும்." காற்றுக்குழாய்ச் சத்தத்தில் பாதி மூழ்கிய குரலில் சொன்னான்:

"இல்லேன்னாலும் பரவாயில்லைக்கா."